கவிழ்ந்தால் கழலுமா? கயாக் தூண்டில்காரர்களுக்கு ஒரு கேள்வி-பதில்

கயாக்கில் உட்கார்ந்து கடலில் தூண்டில் போடுவது பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடையைப் பற்றியே. வாசகர்களின் ஆர்வம் எந்தப் பக்கம் போகும் என்று ஆசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். ஆகவே இந்த முறை முழுக்க முழுக்கத் தொடைப்பட்டை.

அப்பாவி, ஆம்பூர்
கே: கோழித் தொடை தெரியும். தொடைப்பட்டை என்றால் என்ன?

ப: கயாக்கில் இரண்டு சாதி. ஒன்றில், நடுவே உள்ள துவாரத்துக்குள் இடுப்புவரை இறங்கி உட்காருவீர்கள். உள்ளே முழங்காலை மேல்தட்டில் முட்டுக் கொடுத்துக்கொள்ள இடம் இருக்கும். இன்னொன்று மேலே உட்காரும் கயாக்; மேலமர்வுக் கயாக் என்றும் சொல்லலாம். நாலு பக்கமும் மூடிய பிளாஸ்டிக் உடம்பு, முதுகில் உட்காரப் பள்ளம், ஏறிய தண்ணீர் தானாக வடிந்துபோக அடிவரை துளைகள். கலிபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பழைய சர்ஃப் பலகையைக் குடைந்து உட்காரக் குழி பண்ணியதிலிருந்து இந்த வம்சம் தொடங்குகிறது. பிறகு அவர் ஓஷன் கயாக் என்ற கம்பெனியையே ஆரம்பித்தார். தூண்டில்காரர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. கம்பு செருகலாம், ஐஸ் பெட்டி வைக்கலாம், விழுந்தால் ஏறலாம்.

குறை ஒன்றே ஒன்று: கீழ்ப்பாதி உடம்புக்குப் பிடிமானம் கிடையாது. பைக்கில் வளைவில் போகும்போது டேங்கை முழங்காலால் இறுக்கிக்கொள்கிறீர்களே, அந்த டேங்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் பிடிமானத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் தொடைப்பட்டை. காலுக்கு ஒன்று. முன்முனை கணுக்கால் பக்கம் கயாக்கின் விளிம்பில், பின்முனை இருக்கையை ஒட்டி. நடுப்பகுதி முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் குறுக்கே போகும். தொடையைத் தொடும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள்.

மிதக்காதவன், மதுரை
கே: எனக்கு நீச்சல் தெரியாது. பட்டை கட்டிக்கொண்டால் கீழே விழமாட்டேன் அல்லவா?

ப: விழமாட்டீர்கள். கயாக்கோடு சேர்ந்து கவிழ்வீர்கள். முதலில் நீச்சல், இரண்டாவது லைஃப் ஜாக்கெட், பிறகுதான் பட்டை. வரிசையை மாற்றாதீர்கள்.

உப்புக்கண்டம், சான் டியாகோ
கே: இங்கே லா ஹோயாவில் பட்டை போட்டவர்களும் இருக்கிறார்கள், போடாதவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் மீனோடுதான் வருகிறார்கள். உண்மையில் அது என்னதான் செய்கிறது?

ப: மீன் விஷயத்தில் ஒன்றும் செய்வதில்லை. அலை விஷயத்தில் செய்கிறது.

உங்கள் ஊர் அவெனிடா டி லா பிளாயா தெருமுனையையே எடுத்துக்கொள்வோம். விடியும் முன்பே சக்கரத்தில் வைத்து இழுத்து வந்து இறக்குகிறார்கள். வெளியே கெல்ப் என்கிற ராட்சதப் பாசிக் காடு. அதன் ஓரத்தில் யெல்லோடெயில் திரிகிறது. நம்ம ஊர் பாரை மீனின் பங்காளி, இழுவையில் அண்ணன். மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருப்பது அலை உடையும் அந்தக் கொஞ்ச தூரம்.

போகும்போது அவ்வளவு வில்லங்கம் இல்லை. மூக்கை அலைக்கு நேராக வைத்து, துடுப்பை நிறுத்தாமல் போட்டால் தாண்டிவிடலாம். பட்டை அப்போது செய்வது, கயாக் தூக்கி அடிக்கும்போது நீங்கள் இருக்கையைவிட்டு எகிறாமல் பார்த்துக்கொள்வது.

வம்பெல்லாம் திரும்பி வரும்போதுதான். பின்னாலிருந்து வரும் அலை வாலைத் தூக்கும். மூக்கு தண்ணீரில் குத்தும். அடுத்த கணம் கயாக் திரும்பி அலைக்குக் குறுக்கே கிடக்கும். அந்த நேரத்தில் உடம்பு தானாகச் செய்வது, அலைக்குப் பயந்து கரைப்பக்கம் சாய்வது. சாய்ந்தீர்களோ, கரைப்பக்க விளிம்பு தண்ணீரில் மாட்டிக்கொள்ளும், மேலிருந்து அலை தள்ளும், ஒரே புரட்டு. செய்ய வேண்டியது நேர் எதிர். அலைப் பக்கமே சாய வேண்டும். துடுப்பை அலையின் மேல் ஊன்ற வேண்டும். கரைப்பக்க முழங்காலைத் தூக்கி, அந்த விளிம்பு தண்ணீரில் மாட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பட்டை வருகிறது. பட்டை இல்லாமல் முழங்காலைத் தூக்கினால் முழங்கால் மட்டும் மேலே வரும். பட்டை இருந்தால் கயாக்கும் கூட வரும். பக்கவாட்டில் நுரையோடு நுரையாகச் சறுக்கிக்கொண்டு கரை வந்து சேருவீர்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ வித்தை காட்டுவது போல் இருக்கும். செய்வது ஒரு முழங்கால்.

மூச்சுப்பிடிப்பு, சிட்னி
கே: கவிழ்ந்தால் பட்டை என்னை அடியில் பிடித்து வைத்துக்கொள்ளாதா? இந்தப் பயத்தில் வாங்கிய பட்டை ஒரு வருஷமாகக் கவரைவிட்டு வெளியே வரவில்லை.

ப: நியாயமான பயம். பயப்படாமல் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரைவிட உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஒழுங்கான தொடைப்பட்டையில் பூட்டு கிடையாது. உங்களைக் கட்டி வைப்பது பட்டை அல்ல, மடங்கிய உங்கள் முழங்கால். முழங்காலைத் தூக்கி அழுத்தும்வரைதான் பிடி. காலை நீட்டி, இரண்டு முழங்காலையும் ஒன்றோடொன்று சேர்த்து, இடுப்பை இருக்கையிலிருந்து தள்ளினால் தொடை நழுவி வெளியே வந்துவிடும். கேட்பதற்கு எளிது. தலைகீழாக, மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறும்போது மனுஷன் செய்வது இதற்கு மாறானது: பதறி முழங்காலை வயிற்றுப்பக்கம் இழுப்பான். இழுத்தால் பட்டை இறுகும். ஆகவே அறிவால் தெரிந்துகொண்டால் போதாது, காலுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு வழிதான் உண்டு. அலையில்லாத, இடுப்பளவைவிடக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர். அடியில் பாறை இருக்கக் கூடாது. தூண்டில், கம்பு, பெட்டி எதுவும் கயாக்கில் வேண்டாம். பக்கத்தில் ஒரு நண்பர் நிற்கட்டும். கையில் செல்போனுடன் அல்ல, கயாக்கைப் பிடித்துத் திருப்பத் தயாராக. பட்டையைத் தளர்வாக வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழுங்கள். உள்ளே போனதும் உடனே உதறாதீர்கள். ஒரு கையால் கயாக்கின் விளிம்பைத் தொடுங்கள், இன்னொரு கையில் துடுப்பு இருக்கிறதா பாருங்கள், பிறகு காலை நீட்டுங்கள். அடுத்த முறை கொஞ்சம் இறுக்கி. அதற்கடுத்து கண்ணை மூடிக்கொண்டு. பிறகு மறுபக்கம் கவிழ்ந்து. எல்லாரும் தங்களுக்குப் பிடித்த பக்கமே கவிழ்ந்து பழகுகிறார்கள், கடல் அதைக் கேட்டுக்கொண்டு கவிழ்ப்பதில்லை. கால் தானாக நீளும் நாளில் கவரைக் குப்பையில் போடலாம்.

சிக்கனம், ஈரோடு
கே: பழைய கார் சீட் பெல்ட் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. அதையே மாட்டினால் என்ன?

ப: நாடா நல்ல நாடாதான். பக்கிள்தான் எமன். சீட் பெல்ட்டின் வேலை உங்களை விடாமல் பிடிப்பது, தொடைப்பட்டையின் வேலை கேட்டதும் விடுவது. கயிறு கட்டலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதுவும் வேண்டாம். கயிறு ஈரத் தொடையில் அறுக்கும், மடியும், முடிச்சாகும்.

தங்கூஸ் தங்கராசு, நாகை
கே: பட்டை மாட்டியபடியே மீன் பிடிக்கலாமா? பெரிய மீன் இழுக்கும்போது தாக்குப்பிடிக்க உதவுமே?

ப: கூடாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு, அவர்கள் இன்னும் சரியாக மாட்டிக்கொண்டதில்லை.

தூண்டில் போடும் கயாக்கில் என்னென்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். தங்கூஸ் நரம்பு, அதைவிட மெல்லிய பின்னல் நரம்பு, மும்முனை முள் தொங்கும் போலி மீன்கள், வலை, கொக்கி, மீனைக் கோத்து வைக்கும் கயிறு. இதற்கு நடுவில் இரண்டு வளையங்களுக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உயிருள்ள மீன் மடியில் துள்ளும்போது முள்ளின் ஒரு முனை மீன் வாயிலும் மறுமுனை பட்டையின் பஞ்சிலும் ஏறினால் என்ன ஆகும்? மீன் துள்ளுகிற ஒவ்வொரு துள்ளலும் உங்கள் தொடைக்கு. நரம்பு ஒரு சுற்று பட்டையைச் சுற்றிக்கொண்ட நிலையில் கவிழ்ந்தால், காலை நீட்டினாலும் கழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது காரணம் சமநிலை. அலை தாண்டிய பிறகு, வெளிக்கடலில் கயாக் தள்ளாடினால் தூண்டில்காரர்கள் செய்யும் முதல் காரியம், இரண்டு காலையும் இருபுறமும் தண்ணீரில் தொங்கவிடுவது. பாரம் கீழே இறங்கும், அகலம் கூடும். பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது இதற்கு ஈடு கிடையாது. பட்டைக்குள் இருக்கும் கால் எங்கே தொங்கும்?

ஆகவே என் வழக்கம் இது. கரையிலிருந்து அலை தாண்டும்வரை பட்டைக்குள் கால், தூண்டில் கம்பு கயாக்கின் வயிற்றுக்குள். வெளியே போனதும் பட்டையைக் கழற்றி, கம்பு இருந்த இடத்தில் பட்டை, பட்டை இருந்த இடத்தில் எதுவும் இல்லை. திரும்பும்போது அலைக்கு வெளியே நின்று மறுபடி இடம் மாற்றம். கொக்கி போட்டு மாட்டும் பட்டை என்றால் இதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். இன்னும் சில நிமிஷம் பொறுத்தால் எத்தனை அலைக்கு ஒரு முறை பெரிய அலைக் கூட்டம் வருகிறது என்று எண்ணியும் விடலாம்.

கம்பை ஏன் வயிற்றுக்குள் என்று கேட்பவர்கள், சாயங்காலம் ஏதாவது ஒரு கடற்கரையில் கயாக்குகள் கரையேறுவதைப் பாருங்கள். கம்புகளை வேல் மாதிரி நிமிர்த்திச் செருகியபடி வந்து கவிழ்கிறவரின் கயாக் மறுபடி நிமிரும்போது, கம்பு பாதியாகவும் மணல் முழுதாகவும் இருக்கும்.

கத்தி கபாலி, கொழும்பு
கே: கத்தி வைத்திருந்தால் போதாதா? மாட்டினால் அறுத்துக்கொள்கிறேன்.

ப: வைத்திருங்கள். லைஃப் ஜாக்கெட்டின் மார்பில், எந்தக் கைக்கும் எட்டும்படி, முனை மழுங்கியதாக, பல் வைத்ததாக. நரம்பை அறுக்க அது நிச்சயம் வேண்டும். ஆனால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண் தெரியாமல், தொடையை ஒட்டிய அகல நாடாவை அறுப்பதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சினிமாவில் அதற்கு டூப் உண்டு.

மிதிப்பவன், சிங்கப்பூர்
கே: என்னுடையது காலால் மிதிக்கும் கயாக். அதற்குப் பட்டை?

ப: மிதிக்கிற காலைக் கட்டினால் எப்படி மிதிப்பீர்கள்? 1997-இல் ஹோபி கம்பெனி மிராஜ் டிரைவ் என்று அடியில் துடுப்புச் செதில் ஆடும் மிதியைக் கொண்டுவந்த நாளிலிருந்து தூண்டில்காரனுக்குக் கை காலியாயிற்று, கால் வேலைக்குப் போயிற்று. அலை உடையும் ஆழமற்ற இடத்தில் அந்தச் செதில்களைத் தரையில் இடிக்காமல் மேலே மடக்கி, துடுப்புப் போட்டு வருவதைப் பழகுங்கள். உங்களுக்கு அதுதான் பாடம்.

சிம்மாசனம், துபாய்
கே: என் கயாக்கில் அலுமினிய ஃபிரேம் போட்ட உயரமான நாற்காலி. அதற்குப் பட்டை மாட்டலாமா?

ப: மாட்டலாம், பயன் இருக்காது. இடுப்பு உயர்ந்து, தொடை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்போது பட்டை முழங்காலை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். உட்காரும் உயரமே உங்களைக் கவிழ்க்கப் போதுமானது. அந்த நாற்காலி ஏரிக்கும் உப்பங்கழிக்கும் ராஜபோகம். அலைக்குள் ராஜா இறங்கக் கூடாது.

டிரில் பிட், கோவை
கே: கயாக்கில் பட்டை மாட்ட வளையமே இல்லை. நானே துளை போட்டு மாட்டிக்கொள்ளலாமா? எந்தப் பசை நல்லது?

ப: பசையை மறந்துவிடுங்கள். பெரும்பாலான மேலமர்வுக் கயாக்குகள் பாலிஎத்திலீன். அதில் எந்தப் பசையும் லேசில் ஒட்டாது. ஒட்டினது போல் பாவனை செய்து, அலைக்குள் வைத்துக் கைகழுவும்.

துளை போடும் முன் தரையில், புல்லில், கயாக் மேல் ஏறி உட்காருங்கள். செருப்பில்லாமல், கடலில் எப்படிப் பாதத்தை ஊன்றுவீர்களோ அப்படி ஊன்றி, முழங்காலை லேசாக மடக்குங்கள். நண்பர் ஒருவர் பட்டையைத் தொடைமேல் வைத்துப் பிடிக்க, நான்கு முனையும் எங்கே வருகிறதென்று மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறியுங்கள். டேப் இருந்தால் டிரில் வழுக்காது என்பது கூடுதல் லாபம். பின்முனைக்குப் பெரும்பாலும் இருக்கை கட்டும் வளையமே போதும், புதுத் துளை வேண்டியிருக்காது. முன்முனை மிகவும் முன்னால் போனால் பட்டை தட்டையாகப் படுத்து முழங்காலைக் கீழே அமுக்கும். மிகவும் பின்னால் வந்தால் தொடையின் நடுவில் ஏறி, தூக்கினால் பிடிக்காது.

குறித்த இடத்துக்குப் பின்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள். வடிதுளைக் குழாய் அங்கே போகிறதென்றால் இடத்தை மாற்றுங்கள்; அதில் ஓட்டை போட்டால் கடல் உள்ளே குடிவந்துவிடும். கை எட்டும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு, உள்பக்கம் அகலமான வாஷர், நட்டு. கை எட்டாத இடத்தில், உள்ளே மூன்று இதழாக விரியும் ரிவெட். சாதாரண ரிவெட் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் கசியாமல் இருக்கக் கடல்சார்ந்த சீலன்ட் ஒரு பூச்சு. அது அடைப்பதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. முடிந்ததும் பட்டையை மாட்டி, தரையிலேயே உட்கார்ந்து இரண்டு முழங்காலாலும் முழு பலத்தோடு தூக்குங்கள். பிய்வதானால் வாசலிலேயே பிய்யட்டும்.

குட்டிக்கரணம், பினாங்கு
கே: பட்டை இருந்தால் கவிழ்ந்த கயாக்கை உட்கார்ந்தபடியே சுழற்றி நிமிர்த்தலாமாமே?

ப: எல்லாக் கயாக்கிலும் அல்ல. கடல் பயணக் கயாக் 55-60 செ.மீ. அகலம். அதில் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, இடுப்பை வெட்டி, முழங்காலால் கயாக்கைத் தூக்கினால் நிமிரும். ஒடுங்கிய மேலமர்வுக் கயாக்கில் பட்டை போட்டுக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் உண்டு. மீன்பிடிக் கயாக் 75-லிருந்து 90 செ.மீ. வரை போகும். எழுந்து நின்று தூண்டில் வீசும் அளவுக்கு நேராக எவ்வளவு ஸ்திரமோ, தலைகீழாகவும் அவ்வளவு ஸ்திரம். அதற்கு அடியில் தொங்கிக்கொண்டு வித்தை முயலாதீர்கள். வெளியே வாருங்கள், திருப்புங்கள், ஏறுங்கள்.

அலைவாசி, கடலூர்
கே: எங்கள் அப்பா காலத்தில் கட்டுமரத்தில் அலை தாண்டினார்கள். எந்தப் பட்டை இருந்தது? இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம் இல்லையா?

ப: வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிடுவதானால் முழுதாக ஒப்பிடுவோம்.

கட்டுமரமும் மேலே உட்காரும் சாதிதான். மரங்களின் இடுக்கு வழியாகவே தண்ணீர் வடிந்துவிடும். அதை மூழ்கடிக்க முடியாது. அதன் மேல் இருந்தவர்கள் முட்டிபோட்டும் குத்தவைத்தும் துடுப்புப் போட்டார்கள். நீங்கள் காலை நீட்டி முதுகைச் சாய்த்து உட்காருகிறீர்கள். முட்டிபோட்ட உடம்பு இடுப்பிலிருந்து எந்தப் பக்கமும் சாயும். சோபாவில் உட்கார்ந்த உடம்பு சாயாது. அடுத்தது, கவிழ்வதை அவர்கள் விபத்தாகவே நினைக்கவில்லை. அலை தூக்கி எறிந்தால் நீந்திப் போய் மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

சென்னையில் துறைமுகம் கட்டும் முன்பு கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைக் கரை சேர்த்தது ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அந்தப் படகு அலையில் கவிழ்ந்தால் ஆளைத் தூக்க, கூடவே கட்டுமரங்கள் போகும். படகு இறங்க முடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர்கள் தலைத்தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய் வந்தார்கள். அந்தத் திறமை இருக்கிறவருக்கு எந்தப் பட்டையும் தேவையில்லை. உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். உங்களுக்கு எப்படி என்று உங்கள் அப்பாவையே கேளுங்கள்.

அமைதி விரும்பி, தொண்டி
கே: எங்கள் பக்கம் பாக் விரிகுடாவில் பல நாள் அலையே தெரியாது. பட்டை வாங்கணுமா?

ப: வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல தொப்பி வாங்குங்கள்.

மரத்துப்போனவன், ஆக்லாந்து
கே: பட்டை போட்டு அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது. கரையில் இறங்கினால் நிற்க முடியவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ப: சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், மரத்த காலால் கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வர முடியாது, கவலைப்பட வேண்டியது அதற்கு.

பெரும்பாலும் குற்றவாளி பட்டை அல்ல, இறுக்கம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது பட்டைக்கும் தொடைக்கும் நடுவே உள்ளங்கை நுழைய வேண்டும். முழங்காலை ஒரு அங்குலம் தூக்கினால் பட்டை வந்து அணைக்க வேண்டும். அதுதான் அளவு. எப்போதும் இறுக்கி வைத்திருப்பது புதிதாகப் போட்டவர்கள் எல்லாரும் செய்வது. பிறகு பாதம் ஊன்றும் பள்ளத்தைப் பாருங்கள். கால் முழுதாக நீண்டுவிட்டால் தொடையின் பின்நரம்பு இழுக்கும், மரத்துப்போகும். முழங்கால் மடங்கியிருக்கும்படி ஒரு பள்ளம் பின்னால் வாருங்கள். முதுகு சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.

இன்னொன்று: நைலான் நாடா நனைந்தால் நீளும். கரையில் சரியாக இருந்த பட்டை கடலில் தளர்ந்துவிட்டதே என்று இழுத்து இறுக்குவீர்கள், வெயிலில் காய்ந்ததும் அது பழைய நீளத்துக்குத் திரும்பும், உங்கள் காலோடு சேர்த்து. பாலியஸ்டர் நாடாவில் இந்தத் தொல்லை குறைவு.

லுங்கி லோகு, திருச்செந்தூர்
கே: லுங்கி கட்டிக்கொண்டு போடலாமா?

ப: அலைக்குப் பிறகு பட்டை இருக்கும். லுங்கிக்கு நான் பொறுப்பல்ல. கேலி ஒருபுறம் இருக்க, அரை டிரவுசரும் உகந்ததல்ல; உப்பும் மணலும் சேர்ந்து பட்டை தொடையைத் தேய்த்துத் தோலை உரித்துவிடும். முழங்காலுக்குக் கீழே வரை ஒட்டிய உடை போடுங்கள்.

குளிர்காய்பவன், டொராண்டோ
கே: மே மாதம் ஒன்டாரியோ ஏரியில் இறங்கலாம் என்றிருக்கிறேன். பட்டை அவசியமா?

ப: மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே. வெளியே வெயில் அடிக்கிறதே என்று டீ-ஷர்ட்டில் இறங்கினால், விழுந்த கணத்தில் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது; சில நிமிஷத்தில் விரல் கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில் பட்டையைப் பற்றி யோசிப்பதற்கு முன் தண்ணீர் புகாத டிரை சூட்டைப் பற்றி யோசியுங்கள். அது இல்லாவிட்டால் ஜூலை வரை பொறுங்கள். மீனும் அங்கேதான் இருக்கும்.

மச்சான், யாழ்ப்பாணம்
கே: இரண்டு பேர் உட்காரும் கயாக் வாங்கியிருக்கிறேன். கனடாவிலிருந்து வரும் அத்தானை முன்னால் உட்காரவைத்து, பயப்படாமல் இருக்கப் பட்டையும் கட்டிவிடலாமா?

ப: அத்தான் உங்களோடு கவிழ்ந்து பழகியிருந்தால் கட்டுங்கள். பழகாத விருந்தாளிக்குப் பட்டை போடுவது உபசாரம் அல்ல. பின்னால் உட்காருகிறவர்தான் அலைக்குள் கயாக்கைத் திருப்புகிறவர், பட்டை வேண்டியதும் அவருக்கே. அத்தானுக்கு லைஃப் ஜாக்கெட்டை நன்றாக இறுக்கிக் கட்டி, விழுந்தால் கயாக்கின் கடல் பக்கமே இருக்கச் சொல்லுங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் வேண்டாம். முப்பது நாற்பது கிலோ பிளாஸ்டிக்கை அலை தூக்கி விட்டெறியும்போது விலா எலும்பு சமாதானம் பேசாது. அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

ஏறத்தெரியாதவன், டர்பன்
கே: கவிழ்ந்து, கழன்று, வெளியேயும் வந்துவிட்டேன். இப்போது மேலே ஏறுவது எப்படி? என் கயாக் அகலம் 85 செ.மீ.; கை எட்டுவதே பாடு.

ப: பட்டை இங்கே இன்னொரு உத்தியோகம் பார்க்கும். முதலில் நிமிர்த்துங்கள்: கயாக்கின் நடுப்பகுதிக்கு வந்து, அடிப்பாகத்தின் மேல் மார்பைப் போட்டு, தூரத்து விளிம்பையோ வடிதுளையையோ பிடித்து உங்கள் பக்கம் இழுத்தபடி பின்னால் விழுங்கள். கயாக் புரண்டு நிமிரும். முகத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது புதியவர்கள் எல்லாரும் சுவர் ஏறுவது போல் செங்குத்தாக ஏறப் பார்க்கிறார்கள். கால் கயாக்குக்கு அடியில் போய்விடும், அதோடு கயாக்கும் உங்கள் மேல் கவிழும். அதற்குப் பதில் கையை விளிம்பில் வைத்துக்கொண்டு, காலைப் பின்னால் தண்ணீர் மட்டத்துக்கு மிதக்கவிடுங்கள். உடம்பு படுக்கைவாட்டில் வந்ததும் ஒரு கையை நீட்டித் தூரத்துத் தொடைப்பட்டையைப் பிடியுங்கள். இப்போது காலை உதைத்து, பட்டையை இழுத்து, வயிற்றால் இருக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போங்கள். தொப்புள் இருக்கைக்கு நேராக வந்ததும் புரண்டு உட்காருங்கள், கடைசியாகக் கால். போல்ட்டையும் வாஷரையும் ஏன் அவ்வளவு வற்புறுத்தினேன் என்பது இந்த இழுப்பில் புரியும். உங்கள் இழுப்பு முழுதும் அந்தப் பட்டையின் வளையங்களில்.

ஒரு எச்சரிக்கை. அலை உடையும் இடத்தில் ஏற முயலாதீர்கள். கயாக்கை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் நீந்திக் கரைக்கே வந்துவிடுங்கள். எந்தக் கயிற்றாலும் உங்களை அதனோடு இணைத்திருக்கக் கூடாது.

ஆசைக்காரன், தூத்துக்குடி
கே: தொடைப்பட்டை போட்டால் மீன் கூடுதலாகக் கிடைக்குமா?

ப: கிடைக்காது. கிடைத்த மீன் கரைவரைக்கும் வரும்.

பேரம், மெல்போர்ன்
கே: ஒருவர் பழைய பட்டை ஒரு ஜோடி பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

ப: பார்த்து வாங்குங்கள். நாடாவை மடித்து வெயிலில் பிடியுங்கள். நிறம் வெளுத்து மடிப்பில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது. கொக்கிக்கு அருகில் தையல் எத்தனை வரிசை, நூல் அறுந்திருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். முதலில் பிய்வது அந்த இடம்தான். கொக்கியின் ஸ்பிரிங்கைப் பத்துத் தடவை அழுத்துங்கள், உப்பேறியிருந்தால் பாதியில் நிற்கும். நாடாவை இறுக்கித் தளர்த்தும் பக்கிளுக்குள் மணல் இருந்தால் பரவாயில்லை, நல்ல தண்ணீரில் அலசினால் போகும். தைத்த பஞ்சுக்குள் பழைய முள் முனை ஏதாவது ஒடிந்து கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மெதுவாக. கிடைத்தால் விலையை இன்னும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.